வாயிற்காவலனுக்கு ஒரு பெயர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக நாம் கூடிக் கவிதை படித்திருக்கிறோம், கதை படித்திருக்கிறோம், கருத்து மாறுபட்டிருக்கிறோம், மாறுபட்ட பின்னும் அடுத்த கூட்டத்திற்குத் தவறாமல் வந்திருக்கிறோம். இத்தகைய நிறைவு விழாவில் இலக்கியத்தின் பெரும்பொருள் ஒன்றை எடுத்துப் பேசுவது வழக்கம். நான் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ஒருவகைக் கதையாட்டத்தில், இரண்டு நிமிடம் வந்து மறையும் ஒரு வாயிற்காவலனுக்கு என்ன பெயர் வைப்பது என்பதே அது.

பொருள் சிறியதாயினும் அயலானதன்று. பெயரிடுதல் கவிஞனின் பழந்தொழில். அத்தொழிலை வேறொரு நாட்டில், வேறொரு கூட்டத்தார், இலக்கியம் செய்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் அரை நூற்றாண்டாகச் செய்து வருகிறார்கள். அவர்கள் கண்ட சிக்கல்களும் தீர்வுகளும் நம் பழைய நூல்களையே புதிதாகப் பார்க்க வைக்கின்றன என்பது என் துணிபு.

ஆட்டத்தின் இயல்பு

அறியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். அவர்களுள் ஒருவர் கதை நடத்துநர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை ஏற்கிறார்கள்: ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர். நடத்துநர் சூழலைச் சொல்கிறார்; ஆடுபவர் தம் பாத்திரம் செய்வதைச் சொல்கிறார்; ஐயத்திற்குரிய செயலின் முடிவைப் பகடை தீர்க்கிறது. மேடை இல்லை, ஒப்பனை இல்லை. எல்லாம் சொல்லால் நடப்பவை.

ஆடுபவர்களின் பாத்திரங்களைத் தவிர அவ்வுலகில் உள்ள அத்தனை பேரும் நடத்துநரின் பொறுப்பு. அரசன், பகைவன், விடுதிக்காரன், படகோட்டி, சந்தையில் மீன் விற்பவள் என எல்லாருக்காகவும் அவர் ஒருவரே பேச வேண்டும். பெரிய பாத்திரங்களுக்கு முன்கூட்டியே பெயரும் வரலாறும் எழுதிவைத்திருப்பார். ஆனால் ஆடுபவர்கள் அவர் எழுதிவைத்த வழியிலேயே நடப்பதில்லை. அரசனைக் காணப் போக வேண்டியவர்கள் கோட்டை வாயிலில் நின்று, அங்கிருக்கும் காவலனிடம், “ஐயா, உங்கள் பெயர் என்ன?” என்று கேட்டுவிடுவார்கள்.

அந்த ஒரு நொடிதான் இன்று நான் பேசவந்த நொடி.

நாவலாசிரியருக்கு இந்த நெருக்கடி இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக் 1840இல் வெளிவந்த ஒரு கதைக்குத் தகுந்த பெயர் தேடிப் பாரிஸ் நகரத் தெருக்களில் கடைப்பலகைகளைப் படித்துக்கொண்டே நெடுநேரம் நடந்தார் என்று உடன்நடந்த நண்பர் எழுதிவைத்திருக்கிறார். ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1855இல் தொடங்கிய குறிப்பேட்டில் பிற்காலத்துக்கு உதவும் என்று பெயர்களைப் பட்டியலாக எழுதிச் சேர்த்தார். அவர்களுக்கு நடக்க நேரம் இருந்தது. பட்டியல் எழுத நேரம் இருந்தது. கதை நடத்துநருக்கு இருப்பதோ மூன்று நொடி. மேசையைச் சுற்றி நான்கு முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. தயங்கினால், இந்தக் காவலன் சற்றுமுன்தான் உண்டாக்கப்பட்டான் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். தயங்காமல் ஒரு பெயர் சொன்னால், நாம் வருவதற்கு முன்பே அவன் அங்கு நின்றுகொண்டிருந்தான் என்று ஆகிவிடும். அவனுக்கு ஒரு தாய் இருந்தாள், அவள் அவனை அப்பெயரால் அழைத்தாள், இன்றிரவு அவன் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது என்றெல்லாம் அந்த ஒற்றைச் சொல் நம்பவைத்துவிடுகிறது.

இருபதுபேரிலிருந்து ஒருவனுக்கு

இவ்வாட்டம் பிறந்த வரலாறே பெயரில்லாதவன் பெயர் பெற்ற வரலாறுதான். இதன் முன்னோடி, சிறு பொம்மைகளை அணிவகுத்து ஆடும் போர்விளையாட்டு. கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் இருவரும் எழுதி 1971இல் வெளிவந்த ‘செயின்மெயில்’ என்னும் விதிநூலின் பெரும்போர்ப் பகுதியில் ஒரு பொம்மை இருபது வீரர்களைக் குறிக்கும். இருபது உயிருக்கு ஓர் உருவம். பெயருக்கு அங்கே இடமில்லை. அதற்குச் சற்று முன், 1969இல், மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் வேறொரு சோதனை செய்தார். கற்பனையான ஜெர்மானிய ஊர் ஒன்றை அமைத்து, ஆடுபவர் பலருக்குப் படைகளைத் தராமல் ஆளுக்கு ஒரு மனிதரைத் தந்தார். ஒருவர் நகரத் தலைவர், ஒருவர் வங்கி உரிமையாளர் என்று. அவர்களோடு ஆடிய டேவ் ஆர்னசன் அவ்வழியை மாயக்கதை உலகுக்குக் கொண்டுசென்றார். கைகாக்ஸும் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியாக, முதலில் ஆயிரம் படிகள் வெளிவந்தது. இருபதுபேருக்கு ஒரு பொம்மை என்பது போய், ஒருவனுக்கு ஒரு பெயர் என்பது வந்தது.

ஆனால் அந்தப் பெயர் யாருக்கு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆடுபவரின் பாத்திரத்துக்கு வந்தது. எதிரில் நிற்பவர்களுக்கு வரவில்லை. அதே 1974ஆம் ஆண்டு நூலில் ‘ஓர்க்’ என்னும் அரக்க இனத்தார் ஓரிடத்தில் முப்பது முதல் முந்நூறு வரை காணப்படுவர் என்று பட்டியல் சொல்கிறது. அங்கே எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. இதற்குப் பிறகு வருகிறேன்.

பெயர் பிறந்த விதங்கள்

அக்காலத்துப் பெயர்கள் பல, நண்பர்களுக்குள் நடந்த விளையாட்டாகவே பிறந்தன. கைகாக்ஸின் மகன் எர்னஸ்ட். அப்பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றினால் ‘டென்சர்’ என்னும் மந்திரவாதி கிடைக்கிறான். ஜிம் வார்டு என்னும் நண்பரின் பெயரைப் பின்னிருந்து படித்தால் ‘டிராமிஜ்’. எழுத்தாளர் ஜாக் வான்ஸின் பெயரைக் கலைத்து அடுக்கினால் ‘வெக்னா’. இந்த வெக்னா 1976இல் வெளியான துணைநூலில் நேரில் தோன்றவேயில்லை. அவனுடைய வெட்டுண்ட கையும் பிடுங்கப்பட்ட கண்ணும் மட்டுமே மந்திரப் பொருள்களாகக் குறிக்கப்பட்டன. ஆள் இல்லாமல் பெயர் மட்டும் இருந்தது. அந்தப் பெயர் தனக்கு வேண்டிய ஆளைப் பிறகு தானே தேடிக்கொண்டது. பின்வந்த நூல்களில் அவன் பெரும் பகைவனாக வளர்ந்தான். 2022இல் ஒரு புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரின் கொடியவனுக்கும் அப்பெயரே சூட்டப்பட்டது.

இன்னொரு செய்தி இதைவிடச் சுவையானது. ஆர். ஏ. சால்வடோர் என்னும் எழுத்தாளர் இவ்வாட்ட உலகில் நடக்கும் நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். கதாநாயகன் வேறொருவன். அவனுக்குத் துணையாக ஒரு பாத்திரம் உடனே வேண்டும் என்று பதிப்பாசிரியர் தொலைபேசியில் கேட்டார். பேசிக்கொண்டிருந்தபோதே சால்வடோர் ஓர் இருள்நிற எல்ஃப் வீரனைச் சொன்னார். பெயர் கேட்கப்பட்டபோது ‘டிரிஸ்ட் டோ உர்டன்’ என்று வாயில் வந்ததைச் சொன்னார். அப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி கேட்டபோது அவராலேயே இயலவில்லை. அந்நாவல் 1988இல் வெளிவந்தது. துணைக்கு வந்தவன் நாயகனைப் பின்தள்ளி, முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்களுக்குத் தலைவனாகிவிட்டான்.

எல்லாச் சிறுபாத்திரமும் இப்படி வளரும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் இரண்டு நிமிடத்தில் மறைந்துபோகிறார்கள். ஆனால் யார் மறைவார், யார் வளர்வார் என்பது பெயரிடும் நொடியில் எவருக்கும் தெரிவதில்லை. எனவே எல்லாருக்கும் வளரத்தக்க பெயராக இடுவதே நேர்மை. வேடிக்கைக்காக ஒரு காவலனுக்குத் தின்பண்டத்தின் பெயரை வைத்துவிட்டால், பத்தாவது வாரத்தில் அவன் தன் பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கும்போது மேசையில் இருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பைத் திரும்பப் பெற முடியாது.

நம் காதுக்குத் தெரிந்தவை

இவ்வாட்டம் நடத்துவோர் கைக்கொள்ளும் நெறிகள் சில, செய்யுளியல் அறிந்த உங்களுக்கு உவப்பளிக்கும். முதல் நெறி, பத்துப் பதினைந்து பெயர்களை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்வது. ஒருவருக்கு ஒரு பெயரைக் கொடுத்தவுடன் அதை அடித்துவிட்டு, அருகிலேயே ‘வடக்கு வாயில், இருமல்’ என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். ஏனெனில் மூன்று வாரம் கழித்து ஆடுபவர்கள் அதே வாயிலுக்குத் திரும்பி வந்து அவனைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். நடத்துநர் மறந்திருந்தால் அந்த உலகமே பொய்யாகிவிடும்.

இரண்டாவது நெறி, ஒரே ஊரில் உள்ள இருவரின் பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்கக் கூடாது என்பது. இங்கேதான் பாட்டும் ஆட்டமும் பிரிகின்றன. நமக்கு மோனை சொற்களை உறவாக்கும் கருவி. ஆட்டத்திலோ மோனை குழப்பம். எழுத்தைக் கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கேட்கும் அவையில் முதலெழுத்தே அடையாளம். இருவர் அதைப் பகிர்ந்துகொண்டால் இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள்.

இந்த விதியை அறிந்தே மீறியவர் டோல்கியன். 1937இல் வெளிவந்த ‘தி ஹாபிட்’ நூலில் பதின்மூன்று குள்ளர்கள் ஒருவர்பின் ஒருவராக வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்களைப் பழைய ஐஸ்லாந்து மொழிப் பாடல் ஒன்றில் வரும் குள்ளர் பெயர்ப் பட்டியலிலிருந்து எடுத்தார். ஃபீலி, கீலி என்பதில் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை. பிஃபூர், போஃபூர், போம்பூர் என்பதில் மோனை. ஒலி ஒத்தவர்கள் உறவினர்கள். பெயரைக் கேட்டவுடனே யார் யாரோடு சேர்ந்தவர் என்று காது தெரிந்துகொள்கிறது. பதின்மூன்று பேரையும் தனித்தனியே நினைவில் வைக்க இயலாத வாசகருக்கு அவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கட்டிக்கொடுத்தார். தமக்கு முதலில் பெயர்தான் தோன்றுகிறது, கதை அதன் பின்னே வருகிறது என்று கடிதமொன்றில் அவர் எழுதியிருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

மூன்றாவது நெறி, பெயர் மண்ணிலிருந்து வரவேண்டும் என்பது. ஓர் ஊரில் உள்ள பெயர்கள் ஒன்றுக்கொன்று இனமாக ஒலித்தால், வழி தெரியாமல் வந்த அயலான் ஒருவனை அவன் பெயரைக் கேட்டே கண்டுகொள்ளலாம். இதற்காகப் பலர் உண்மையான மொழிகளின் பெயர்ப்பட்டியலை நாடுகிறார்கள். இங்கே ஒரு குறையைச் சொல்லாமல் போக முடியவில்லை. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்துக்கு 2017இல் வந்த துணைநூல் ஒன்று நீண்ட பெயர்ப்பட்டியல்களைப் பின்னிணைப்பாகத் தந்தது. பகடையை உருட்டி, வந்த எண்ணுக்குரிய பெயரை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், கிரேக்கர், ஸ்பானியர் என்று ஐரோப்பியருக்குத் தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. நமக்கு ‘இந்தியர்’ என்று ஒரே பட்டியல். ஆப்பிரிக்காவின் நூற்றுக்கணக்கான மொழிகளுக்கு ‘நைஜர்-காங்கோ’ என்று, ஒரு மொழிக்குடும்பத்தின் பெயரில், ஒரே பட்டியல்.

சுடலைமுத்து என்ற பெயரைக் கேட்டால் நமக்குத் தென்பாண்டிச் சீமை தெரிகிறது. சுடலைமாடன் கோயில் தெரிகிறது. கதிர்காமத்தம்பி என்றால் ஈழம் தெரிகிறது. அவ்வீட்டார் செய்துகொண்ட நேர்த்திக்கடன்கூடத் தெரிந்துவிடலாம். பெயர் என்பது ஓர் ஊரின் மண்ணும் தெய்வமும் குலமும் சேர்ந்து செறிந்த சொல். பகடை உருட்டி எடுத்த பெயரில் ஒலி மட்டும் இருக்கும், ஊர் இராது. எங்கிருந்து எடுத்தோம் என்று அறிந்து எடுப்பது ஆட்டத்துக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

பெயர் கூடாது என்ற மரபு

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். எல்லாருக்கும் பெயர் வேண்டும் என்று சொல்லத் தொடங்கினால், தொல்காப்பியர் குறுக்கே வந்து நிற்கிறார். அன்பின் ஐந்திணை பாடும்போது எவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது அகத்திணையியல் விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாங்கன் என உறவாலும் நிலையாலும் மட்டுமே அறியப்படுவர். நெடுநல்வாடையில் வேலின் தலையில் வேம்பு சூட்டிய செய்தி வருவதால் அது பாண்டியனைச் சுட்டிவிடுகிறது, ஆகவே அப்பாட்டு அகமாகாது என்று நச்சினார்க்கினியர் கொண்டார். ஒரு தழைகூடப் பெயராகிவிடலாம் என்ற நுட்பம் அது.

கதையாட்டத்திலும் இத்தகைய ஒரு நூல் உண்டு. கைகாக்ஸ் எழுதி 1979இல் வெளிவந்த ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ என்னும் ஆட்டக்கதை, புதிதாக நடத்த வருவோருக்கென்றே எழுதப்பட்டது. எல்லைக்கோட்டை ஒன்று, அதில் கோட்டைத் தலைவர், மணியக்காரர், கொல்லர், விடுதிக்காரர், கோயிற் குரு எனப் பலர். ஒருவருக்கும் பெயர் இல்லை. பதவியும் தொழிலும் மட்டுமே உண்டு. பெயரை நடத்துநரே இட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், நோக்கம் வேறு. அகப்பாட்டில் பெயரை நீக்கியது, அந்த இடத்தில் யாரும் தம்மை வைத்துப் பார்ப்பதற்காக. தலைவிக்குப் பெயர் இல்லாததால் அவள் துயரம் எல்லாருடையதும் ஆயிற்று. கைகாக்ஸின் கோட்டையில் இடம் காலியாக விடப்பட்டது, வேறொருவர் வந்து நிரப்புவதற்காக. ஒன்று நிறைவு, மற்றொன்று அழைப்பு. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது பெயரின்மை ஒன்று உண்டு. அதைப் பற்றியே எனக்குக் கவலை.

பெயரில்லாதவன் செய்த குற்றம்

அதே ஆட்டக்கதையில் கோட்டைக்கு வெளியே குகைகள் உள்ளன. அவற்றில் ஓர்க், காப்ளின் முதலிய இனத்தார் கூட்டங்கூட்டமாக வாழ்கிறார்கள். அவர்களோடு பெண்களும் இளையோரும் இருக்கிறார்கள் என்று நூலே எண்ணிக்கை சொல்கிறது. ஆடவந்தவர்கள் குகைக்குள் வாளோடு நுழைகிறார்கள். இளையோரை என்ன செய்வது என்ற கேள்வி மேசைதோறும் எழுந்திருக்கிறது. அன்று முதல் இன்றுவரை ஆடுவோர் அதைப் பற்றி வாதிட்டு வருகிறார்கள். நடத்துநர் அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கு ஒரு பெயர் கொடுத்துப் பேசவைத்துவிட்டால் போதும். ஓங்கிய வாள் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. பெயர் சொன்னவனை எண்ணிக்கையில் சேர்ப்பது கடினம்.

நம் சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். சிறுபாத்திரங்களுக்குப் பெயரிடுவதில் இளங்கோவடிகள் கஞ்சத்தனம் காட்டியவரல்லர். சிலநாள் அடைக்கலம் தந்த ஆய்ச்சிக்கு மாதரி என்று பெயர். அவள் மகளுக்கு ஐயை என்று பெயர். மாதவியின் தோழி வசந்தமாலை. கண்ணகியின் தோழி தேவந்தி. மாதவியின் ஓலையைக் கொண்டுவந்தவன் கோசிகன். ஆனால் கதையின் திருப்பத்தையே செய்த பொற்கொல்லனுக்குப் பெயர் இல்லை. அவன் பொற்கொல்லன் மட்டுமே.

அதனால் விளைந்தது என்ன? உரைபெறு கட்டுரை சொல்கிறது: பின்வந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான். ஒருவன் செய்த வஞ்சத்துக்கு ஆயிரம் பேர். வஞ்சம் செய்தவனோ, கூடல் எரிந்த நாளிலேயே கதையிலிருந்து மறைந்துவிட்டான். அவனுக்குப் பெயர் இருந்திருந்தால் பழி அந்தப் பெயரோடு போயிருக்கும். பெயர் இல்லாததால் பழி தொழிலின்மேல் ஏறியது; தொழிலின் பெயரைத் தாங்கிய எல்லார் மேலும் ஏறியது. காப்பிய ஆசிரியர் இதை எண்ணி விட்டாரா, எண்ணாமல் விட்டாரா என்பது என் கேள்வியன்று. பெயரற்ற ஒருவன் தீங்கு செய்தால் அவன் கூட்டமே தீங்கு செய்ததாகும் என்ற கொடிய கணக்கை நம் காப்பியமே நமக்குக் காட்டிவைத்திருக்கிறது என்பதே நான் சொல்ல வந்தது. செய்தித்தாளில் நாள்தோறும் இந்தக் கணக்கு நடக்கிறது. நம் கதைகளிலும் நடக்கிறது.

தோற்றத்தால் ஒரு பெயர், சொல்லால் ஒரு பெயர்

பெயர் தெரியாதவரை அழைக்க நேர்ந்தால் மனிதர் என்ன செய்கிறார்கள்? கண்ணில் பட்டதை வைத்து அழைக்கிறார்கள். நடத்துநர் பெயர் சொல்லத் தவறினால் ஆடுபவர்களே ‘ஒற்றைக்காதன்’, ‘இருமல்காரன்’ என்று வைத்துவிடுகிறார்கள், அது ஒட்டிக்கொள்கிறது.

1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தில் ஒரு மதுக்கடைக் காட்சி உண்டு. பல்வேறு வேற்றுலகத்தார் சில நொடிகள் தோன்றி மறைகிறார்கள். அவர்களுள் நீண்டு வளைந்த கழுத்தின்மேல் தட்டையான தலை கொண்ட ஒருவரைப் படக்குழுவினர் ‘ஹேமர்ஹெட்’ என்றே அழைத்தனர், அதாவது சுத்தியல்தலையன். கடைகளில் விற்ற பொம்மைக்கும் அதுவே பெயர். பின்னர் அத்திரைப்படத்தை ஒட்டி 1987இல் ஒரு கதையாட்டம் வந்தது. அதன் துணைநூல் ஒன்று 1989இல், அந்த மதுக்கடையில் இருந்தவர்களுக்குப் பெயரும் ஊரும் வரலாறும் எழுதியது. சுத்தியல்தலையன் அன்றுமுதல் மோமா நாடன் ஆனான். அவன் இனத்தார்க்கும் தனிப்பெயர் உண்டாயிற்று. அவன் ஏன் தன் ஊரை விட்டு வந்தான் என்பதற்கு ஒரு கதையும் உண்டாயிற்று. திரைப்படத்துக்கு அது தேவைப்படவில்லை. ஆட்டத்துக்குத் தேவைப்பட்டது, ஏனெனில் ஆட்டத்தில் யாராவது அவனிடம் போய்ப் பெயர் கேட்பார்கள். திமோதி ஸான் 1991இல் அவ்வுலகைப் பற்றிப் புதிய நாவல் எழுதியபோது, அந்த ஆட்டநூல்களே அவருக்குத் துணைநூல்களாக அனுப்பப்பட்டன.

இதனோடு ஒப்பிட நம்மிடம் ஒரு செல்வம் உண்டு. குறுந்தொகையில் பாடியவர் பெயர் தெரியாத பாடல்கள் சில. தொகுத்தவர்கள் அவற்றைப் ‘பெயர் தெரியவில்லை’ என்று விட்டிருக்கலாம். விடவில்லை. பாட்டுக்குள்ளிருந்த ஒரு தொடரை எடுத்துப் பாடியவருக்கே பெயராக்கினார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், கல்பொரு சிறுநுரையார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார், விட்ட குதிரையார், ஓரேருழவனார். ஈராயிரம் ஆண்டு வரலாற்றில் அவர்களைப் பற்றி நாம் அறிந்தது அவ்வளவே. அதுவே போதுமானதாக இருக்கிறது.

சுத்தியல்தலையனும் பெயரற்றவருக்குக் குறிப்பால் வைத்த பெயர்தான். அணிலாடு முன்றிலாரும் அப்படித்தான். ஆயினும் இரண்டுக்கும் இடையே ஓர் உலகமே இருக்கிறது. முன்னது பார்த்தவர் வைத்த பெயர். அவன் எப்படி இருக்கிறான் என்பதிலிருந்து எடுத்தது. பின்னது பேசியவர் ஈட்டிய பெயர். அவர் என்ன கண்டார், எப்படிச் சொன்னார் என்பதிலிருந்து எடுத்தது. முன்னதில் அவன் பார்வைப்பொருள். பின்னதில் அவரே பார்ப்பவர். நெட்டையன், நொண்டி, கறுப்பி என்றெல்லாம் நம் தெருக்களில் வழங்கும் பெயர்கள் எந்த வகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதிலிருந்து நான் பெறும் முடிவு ஒன்று. சிறுபாத்திரத்துக்குப் பெயர் தேடுகிறவர் முதலில் அவனைப் பார்க்கக் கூடாது; அவனைக் கேட்க வேண்டும். இந்த வாயிலில் நின்று அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான்? யாரை எதிர்பார்த்தான்? அது தெரிந்துவிட்டால் எந்தப் பட்டியலிலிருந்து எடுத்த பெயரும் அவனுக்குப் பொருந்திவிடுகிறது. தெரியாவிட்டால் மிக அழகிய பெயரும் சட்டையில் குத்திய அட்டையாகவே நின்றுவிடுகிறது.

வின்சென்ட் பேக்கர் 2010இல் வெளியிட்ட ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ என்னும் ஆட்டநூல் இதை ஒரு விதியாகவே வகுத்தது. கதையில் எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும் பெயரிடு. ஒவ்வொருவரையும் மனிதராக்கு என்பது அதன் பொருள். அதே நூல் வேறொரு விதியும் சொல்கிறது: உன் கையில் உள்ள எந்தப் பாத்திரத்தையும் காப்பாற்ற முனையாதே, அழியக்கூடியவராகவே பார். முரண்போலத் தோன்றும் இவ்விரு விதிகளும் ஒன்றையொன்று தாங்குகின்றன. பெயரிடுவது சாவிலிருந்து காப்பதற்காக அன்று. செத்தால் அது ஓர் இழப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக. எண்ணிக்கை குறைவது வேறு. ஒருவர் இல்லாமற்போவது வேறு. புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிறைவாக

மீண்டும் மதுரைக்கு வருவோம். ஒற்றைச் சிலம்பு ஏந்தி, தலைவிரி கோலமாகக் கண்ணகி அரண்மனை வாயிலில் வந்து நிற்கிறாள். வாயிற்காவலன் உள்ளே ஓடி அரசனிடம் சொல்கிறான். அவள் பெயர் அவனுக்குத் தெரியாது. கொற்றவையோ, காளியோ என்று எண்ணத்தக்க ஒவ்வொரு தெய்வத்தையும் சொல்லிச் சொல்லி, அவளும் அல்லள், இவளும் அல்லள் என்று விலக்கிக்கொண்டே வருகிறான். பெயர் தெரியாத ஒருத்தியை எளிய பெயரொன்றில் அடைக்க அவன் மறுத்துவிட்டான். உள்ளே வந்தவளை நீ யார் என்று அரசன் கேட்கிறான். அவள் தன் ஊரைச் சொல்கிறாள், கணவன் குடியைச் சொல்கிறாள், இறுதியில் தன் பெயரைச் சொல்கிறாள். அந்தப் பெயருக்குப் பின் அரசனுக்கு வாழ்வில்லை.

அந்தக் காவலனுக்குக் காப்பியத்தில் பெயர் இல்லை. ஆனால் அவன் அணிலாடு முன்றிலாருக்கு இனமானவன். அவன் கண்டதும் சொன்னதும் அவனுக்கு இருக்கின்றன. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் அவனைக் கண்டிருந்தால் அவன் சொல்லிலிருந்தே அவனுக்கொரு பெயர் எடுத்திருப்பார்கள். பொற்கொல்லனுக்கு அந்த வாய்ப்பும் இல்லாமற்போயிற்று.

கவிஞர்களும் கதைஞர்களும் நிறைந்த இந்த அவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பத்தாண்டில் இங்கே ஒரு கதை படிக்கப்படும்போது, நடையையும் உத்தியையும் பற்றிப் பேசுவதற்கு முன், இதில் பெயர் இல்லாமல் நிற்பவர் யார் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். ‘வேலைக்காரி’ என்று மட்டும் வந்துபோகிறவள், ‘ஆட்டோக்காரன்’ என்று மட்டும் வந்துபோகிறவன், அகத்தின் தோழிபோல எல்லாருக்கும் உரியவராக நிற்கிறாரா, அல்லது மதுரைப் பொற்கொல்லன்போலத் தம் கூட்டத்தின் பழியைச் சுமந்து நிற்கிறாரா என்று கேட்போம். முதலாவது என்றால் பெயர் வேண்டாம். இரண்டாவது என்றால், மூன்று நொடிக்குள் பெயர் சொல்லும் அந்த மேசைக்காரர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.